வரிசைப்படுத்தல் புதிர்

இக்கட்டுரை தருக்கத் தேர்வுகளில் இடம்பெறும் வரிசைப் புதிர்களைப் பற்றியது. எண்களின் தொடர்ச்சியைக் கண்டறியும் வினாக்களுக்கு எண் தொடர் என்னும் கட்டுரையைப் பார்க்க.

வரிசைப்படுத்தல் புதிர் என்பது, சில ஆட்களையோ பொருள்களையோ நிகழ்வுகளையோ பற்றித் தரப்பட்ட குறிப்புகளைக் கொண்டு அவற்றின் வரிசையைக் கண்டறியும் தருக்கப் புதிர் வகையாகும். உயரம், வயது, மதிப்பெண், இருக்கை, கிழமை, வந்து சேர்ந்த நேரம் என ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கக்கூடிய எதுவும் இதற்குப் பொருளாகலாம். பள்ளி மாணவர்க்கான உதவித்தொகைத் தேர்வு முதல் வங்கி, அரசுப் பணித் தேர்வுகள் வரை தருக்க அறிவுப் பகுதியில் இவ்வகை வினாக்கள் கேட்கப்படுகின்றன.

இப்புதிர்களின் விடை எப்போதும் ஒரு முழு வரிசையாக அமைவதில்லை. தரப்பட்ட குறிப்புகளிலிருந்து எது கட்டாயம் பெறப்படுகிறது, எது இருக்கக்கூடும், எது இருக்கவே இயலாது என்று பிரித்தறியும் திறனே இவற்றில் சோதிக்கப்படுகிறது. "தரவு போதாது" என்பதும் பல வினாக்களில் சரியான விடையாகும்.

## தேர்வுகளில் இடம்

தமிழ்நாட்டு மாணவர்கள் வரிசைப் புதிர்களைச் சந்திக்கும் முதன்மையான தேர்வுகள் பின்வருமாறு:

* தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு: இத்திட்டம் 2008 இல் தொடங்கப்பட்டது. எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதும் இத்தேர்வில் மனத்திறன் தேர்வு 90 வினாக்களையும் படிப்பறிவுத் தேர்வு 90 வினாக்களையும் கொண்டது. தேர்ச்சி பெற்றுத் தெரிவு செய்யப்படுவோர்க்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது.
* தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகள்: 2022 ஆம் ஆண்டுத் தொகுதி 4 தேர்வில் இடம்பெற்ற 200 வினாக்களில் 25 வினாக்கள் திறனறிவு, மனக்கணக்கு நுண்ணறிவு ஆகியவற்றுக்கு உரியவை. பாடத்திட்டத்தில் தருக்கக் காரணவியலின் கீழ்ப் புதிர்கள், பகடை, காட்சிக் காரணவியல், எண் எழுத்துக் காரணவியல், எண் வரிசை ஆகியன குறிப்பிடப்பட்டுள்ளன.
* வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனத்தின் பொது எழுத்துத் தேர்வு: இத்தேர்வு 2011 முதல் நடைபெறுகிறது. இதன் முதல்நிலைத் தேர்வில் காரணவியல் பகுதிக்கு 35 வினாக்களும் 20 நிமிடங்களும் ஒதுக்கப்படுகின்றன. அதாவது ஒரு வினாவுக்குக் கிடைப்பது சற்றேறக்குறைய 34 வினாடிகள்.
* குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாள்: 2011 இல் அறிமுகமானது. 80 வினாக்கள், 200 மதிப்பெண்கள், இரண்டு மணி நேரம் கொண்டது. 2015 முதல் 33 விழுக்காடு பெற்றால் போதும் என்ற தகுதித் தாளாக மாற்றப்பட்டது.

வங்கித் தேர்வுகளில் பெரும்பாலும் ஒரு குறிப்புத் தொகுதியைத் தந்து அதன்மீது ஐந்து வினாக்கள் வரை கேட்கப்படும். வரிசையைச் சரியாக அமைத்தவர் ஐந்து மதிப்பெண்ணையும் பெறுவார். தொடக்கத்தில் ஒரு குறிப்பைத் தவறாகப் படித்தவர் ஐந்தையும் இழக்கக்கூடும். தவறான ஒவ்வொரு விடைக்கும் கால் பங்கு மதிப்பெண் கழிக்கவும் படும்.

## அடிப்படைக் கருத்துகள்

### வரிசை உறவு

"முன்னர்", "உயரமானவர்", "மூத்தவர்" போன்ற சொற்கள் குறிக்கும் உறவுகளுக்கு இரண்டு பண்புகள் உண்டு.

1. கடப்புப் பண்பு: அ என்பது ஆ வுக்கு முன்னரும், ஆ என்பது இ க்கு முன்னரும் இருந்தால், அ என்பது இ க்கு முன்னர் இருக்கும்.
2. திரும்பாப் பண்பு: அ என்பது ஆ வுக்கு முன்னர் இருந்தால், ஆ என்பது அ வுக்கு முன்னர் இருக்க இயலாது.

எல்லா வரிசைப் புதிர்களின் தீர்வும் இவ்விரு பண்புகளையே அடிப்படையாகக் கொண்டது. "நண்பர்", "பக்கத்து வீட்டார்" போன்ற உறவுகளுக்குக் கடப்புப் பண்பு இல்லை. அ வுக்குப் பக்கத்தில் ஆ, ஆ வுக்குப் பக்கத்தில் இ என்பதிலிருந்து அ வுக்குப் பக்கத்தில் இ என்று முடிவு செய்ய இயலாது.

### முழு வரிசையும் பகுதி வரிசையும்

எந்த இரண்டை எடுத்தாலும் எது முன், எது பின் என்று சொல்ல முடியுமானால் அது முழு வரிசை எனப்படும். சில இணைகளை ஒப்பிட முடியாதபோது அது பகுதி வரிசை எனப்படும். இவ்வேறுபாட்டைத் தாமிரபரணி ஆற்றைக் கொண்டு எளிதாக விளக்கலாம்.

தாமிரபரணியின் குறுக்கே உள்ள எட்டு அணைக்கட்டுகள் மேலிருந்து கீழாகக் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என அமைந்துள்ளன. அனைத்தும் ஒரே ஆற்றில் இருப்பதால், எந்த இரண்டை எடுத்தாலும் ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் இருக்கும். ஆகவே இது முழு வரிசை.

இனி, பாபநாசம் அணை, மணிமுத்தாறு அணை, கடனாநதி அணை ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்வோம். பாபநாசம் அணை முதன்மை ஆற்றில் உள்ளது. மற்ற இரண்டும் துணையாறுகளில் உள்ளன. ஆழ்வார்குறிச்சிப் பகுதியில் பாயும் கடனாநதி, திருப்புடைமருதூர் அருகே தாமிரபரணியுடன் கலக்கிறது. "ஓர் அணையின் நீர் மற்றோர் அணையை வந்தடையும்" என்பதை வரிசை உறவாகக் கொண்டால், இம்மூன்று அணைகளும் திருவைகுண்டம் அணைக்கட்டுக்கு மேலே உள்ளன என்பது உறுதி. ஆனால் இம்மூன்றனுள் எந்த ஒன்றின் நீரும் மற்றொன்றைச் சென்றடைவதில்லை. எனவே அவற்றுக்கிடையே மேல், கீழ் என்னும் உறவே இல்லை. இது பகுதி வரிசை. இந்நான்கையும், அவ்வுறவு கெடாமல், ஒரே பட்டியலாக எழுதச் சொன்னால் 6 வெவ்வேறு பட்டியல்கள் அமையும். ஆறிலும் திருவைகுண்டம் கடைசியில் நிற்கும்.

தேர்வில் தரப்படும் குறிப்புகள் பெரும்பாலும் ஒரு பகுதி வரிசையையே தருகின்றன. அதை முழு வரிசையாக எண்ணிக்கொள்வதே தேர்வர்கள் மிகுதியாகச் செய்யும் பிழையாகும்.

## குறிப்புகளின் வகைகள்

* நிலையான குறிப்பு: ஒன்றன் இடத்தை நேரடியாகத் தருவது. எ.கா: "ஐந்தாவதாக வந்தவர் கயல்."
* ஒப்பீட்டுக் குறிப்பு: இரண்டின் முன்பின் மட்டும் சொல்வது. எ.கா: "கயலுக்கு முன்னரே மாறன் வந்தார்."
* பிணைப்புக் குறிப்பு: இரண்டை ஒட்டவைப்பது. எ.கா: "கயலை அடுத்து உடனடியாக மாறன் வந்தார்."
* இடைவெளிக் குறிப்பு: இரண்டுக்கும் நடுவே எத்தனை பேர் என்று சொல்வது. எ.கா: "கயலுக்கும் மாறனுக்கும் இடையே இருவர் வந்தனர்." இதில் யார் முன் என்பது தரப்படவில்லை.
* எல்லைக் குறிப்பு: எ.கா: "கயலுக்கு முன் மூவருக்கு மேல் வரவில்லை."
* விலக்குக் குறிப்பு: எ.கா: "மாறன் முதலிலும் வரவில்லை, கடைசியிலும் வரவில்லை."
* நிபந்தனைக் குறிப்பு: எ.கா: "கயல் முதலில் வந்திருந்தால் மாறன் கடைசியில் வந்திருப்பார்." கயல் முதலில் வராதபோது இக்குறிப்பு மாறனைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

## தீர்க்கும் முறை

1. இடங்களை வரிசையாக எண்ணிட்டுக் கோடுகளாக வரைதல். ஒவ்வொரு பெயருக்கும் ஓரெழுத்துக் குறியைத் தெரிவு செய்தல். இரண்டு பெயர்களுக்கு ஒரே குறி வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.
2. ஒவ்வொரு குறிப்பையும் குறியீட்டில் எழுதுதல். குறிப்பில் சொல்லப்படாத எதையும் எழுதலாகாது.
3. நிலையான குறிப்புகளை முதலில் இடுதல்.
4. பிணைப்பு, இடைவெளிக் குறிப்புகளை ஒரே கட்டாகச் சேர்த்தல். ஒப்பீட்டுக் குறிப்புகளைச் சங்கிலியாகக் கோத்தல்.
5. சங்கிலியிலிருந்து எல்லைகளைக் கணக்கிடுதல். ஒன்றற்கு முன் கட்டாயம் இருவர் உண்டு எனில் அதன் இடம் மூன்றுக்குக் குறையாது. அதற்குப் பின் கட்டாயம் ஒருவர் உண்டு எனில் அது கடைசி இடத்தில் அமையாது.
6. இரண்டு வாய்ப்புகள் எஞ்சும்போது இரண்டையும் தனித்தனிக் கிளைகளாக எழுதுதல். முரண்பாடு வரும் கிளையை நீக்குதல்.
7. கிடைத்த வரிசையை எல்லாக் குறிப்புகளுடனும் மீண்டும் ஒப்பிட்டுச் சரிபார்த்தல்.

எந்தக் குறிப்பை முதலில் எடுப்பது என்பதற்கு எளிய வழிகாட்டி ஒன்றுண்டு: மிகுதியான வாய்ப்புகளை நீக்கும் குறிப்பையே முதலில் எடுக்க வேண்டும். தரப்பட்ட ஒழுங்கிலேயே குறிப்புகளைப் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

## எடுத்துக்காட்டு: ஆழ்வார்குறிச்சி வழித்தடம்

ஆழ்வார்குறிச்சி, திருநெல்வேலி - தென்காசி தொடர்வண்டி வழித்தடத்தில் உள்ள பேரூராகும். 2019 இல் தென்காசி மாவட்டம் உருவானபோது இவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து அதனுடன் சேர்ந்தது. இவ்வழித்தடத்தின் நிலையங்களைக் கொண்டு அமைந்த பின்வரும் புதிரின் விடையை நிலப்படத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

வினா: திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குச் செல்லும் ஒரு வண்டி இடையில் சேரன்மகாதேவி (சே), வீரவநல்லூர் (வீ), கல்லிடைக்குறிச்சி (க), அம்பாசமுத்திரம் (அ), ஆழ்வார்குறிச்சி (ஆ), கீழக்கடையம் (கீ), பாவூர்சத்திரம் (பா) ஆகிய ஏழு நிலையங்களில் மட்டும் நிற்கிறது என்க. கீழ்க்காணும் குறிப்புகளைக் கொண்டு நிலையங்களின் வரிசையைக் காண்க.

1. வீரவநல்லூர், சேரன்மகாதேவிக்குப் பின்னரும் கல்லிடைக்குறிச்சிக்கு முன்னரும் வரும்.
2. கல்லிடைக்குறிச்சியை அடுத்து உடனடியாக அம்பாசமுத்திரம் வரும்.
3. கல்லிடைக்குறிச்சிக்கும் ஆழ்வார்குறிச்சிக்கும் இடையே ஒரே ஒரு நிலையம் உண்டு.
4. அம்பாசமுத்திரத்துக்கு முன் மூன்று நிலையங்களுக்கு மேல் இல்லை.
5. கீழக்கடையத்துக்குப் பின்னர்ப் பாவூர்சத்திரம் வரும்.

தீர்வு: குறிப்புகள் எவையும் இல்லாவிட்டால் ஏழு நிலையங்களை 5,040 விதமாக வரிசைப்படுத்தலாம். நேரடியாக இடம் தரும் குறிப்பு ஒன்றும் இல்லை. எனவே எல்லைகளிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் குறிப்பின்படி சே → வீ → க என்ற சங்கிலி கிடைக்கிறது. கல்லிடைக்குறிச்சிக்கு முன் குறைந்தது இரண்டு நிலையங்கள் இருப்பதால், அதன் இடம் 3 அல்லது அதற்குப் பின். நான்காம் குறிப்பின்படி அம்பாசமுத்திரத்தின் இடம் 4 அல்லது அதற்கு முன். இரண்டாம் குறிப்பு இவ்விரண்டையும் ஒட்டவைப்பதால், கல்லிடைக்குறிச்சியின் இடம் 3 அல்லது அதற்கு முன். இரண்டு எல்லைகளும் சந்திக்கும் ஒரே இடம் 3. ஆகவே க = 3, அ = 4, சே = 1, வீ = 2.

மூன்றாம் குறிப்பின்படி ஆழ்வார்குறிச்சி 1 அல்லது 5 ஆம் இடத்தில் இருக்க வேண்டும். முதலிடம் நிரம்பிவிட்டதால் ஆ = 5. எஞ்சிய 6, 7 ஆம் இடங்களில் ஐந்தாம் குறிப்பின்படி கீழக்கடையமும் பாவூர்சத்திரமும் முறையே அமைகின்றன.

விடை: சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், ஆழ்வார்குறிச்சி, கீழக்கடையம், பாவூர்சத்திரம்.

### ஒரு குறிப்பு நீங்கினால்

மேற்கண்ட புதிரில் நான்காம் குறிப்பு தரப்படவில்லை என்று கொள்வோம். அப்போது 20 வரிசைகள் எஞ்சியுள்ள நான்கு குறிப்புகளையும் நிறைவு செய்கின்றன. ஆழ்வார்குறிச்சி கல்லிடைக்குறிச்சிக்குப் பின் வருவன 10. முன் வருவன 10. பின்வரும் கூற்றுகளை இப்புதிய நிலையில் ஆராயலாம்.

* "அம்பாசமுத்திரத்துக்குப் பின் ஆழ்வார்குறிச்சி வரும்." இது 10 வரிசைகளில் உண்மை, 10 வரிசைகளில் பொய். ஆகவே இது இருக்கக்கூடியது, கட்டாயமன்று.
* "பாவூர்சத்திரம் முதலாவதாக வரும்." ஐந்தாம் குறிப்பின்படி இது இயலாது.
* "ஆழ்வார்குறிச்சிக்கு முன் சேரன்மகாதேவி வரும்." எந்தக் குறிப்பிலும் இவ்விரு பெயர்கள் சேர்ந்து வரவில்லை. ஆயினும் இது கட்டாயம் உண்மை.

மூன்றாம் கூற்றை மெய்ப்பிக்க 20 வரிசைகளையும் எழுத வேண்டியதில்லை. அதன் எதிர்மறையை எடுத்துக்கொண்டால் போதும். ஆழ்வார்குறிச்சி, சேரன்மகாதேவிக்கு முன் வருவதாகக் கொண்டால் ஆ → சே → வீ → க என்ற சங்கிலி அமையும். அப்போது ஆழ்வார்குறிச்சிக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் இடையே குறைந்தது இரண்டு நிலையங்கள் இருக்கும். மூன்றாம் குறிப்போ இடையே ஒன்றுதான் என்கிறது. இது முரண்பாடு. ஆகவே எதிர்மறை பொய்; கூற்று உண்மை.

அவ்வழித்தடத்தில் நாள்தோறும் பயணிக்கும் ஒருவர் முதல் கூற்றையும் கட்டாயம் உண்மை என்று குறித்துவிட வாய்ப்புண்டு. நடைமுறையில் அம்பாசமுத்திரத்துக்குப் பின்னரே ஆழ்வார்குறிச்சி வருகிறது. ஆனால் தருக்கத் தேர்வு கேட்பது குறிப்புகளிலிருந்து பெறப்படுவதை மட்டுமே. வெளியிலிருந்து வரும் அறிவு, அது சரியானதாகவே இருந்தாலும், விடைக்கு ஆதாரமாகாது.

### கட்டாயமும் வாய்ப்பும்

மேற்கண்டவற்றிலிருந்து இரண்டு பொதுவிதிகள் கிடைக்கின்றன.

* "கட்டாயம் உண்மை எது?" என்ற வினாவில் ஒரு தெரிவை நீக்க, அது பொய்யாகும் ஒரே ஒரு வரிசையைக் காட்டினால் போதும். அதை நிறுவ, எதிர்மறை முரண்பாட்டில் முடிவதைக் காட்ட வேண்டும்.
* "எது உண்மையாக இருக்கலாம்?" என்ற வினாவில் ஒரு தெரிவை நிறுவ, அது உண்மையாகும் ஒரே ஒரு வரிசை போதும். அதை நீக்க முரண்பாடு வேண்டும்.

## இட எண் கணக்குகள்

ஒருவரின் இடத்தை இரு முனைகளிலிருந்தும் தந்து மொத்த எண்ணிக்கையைக் கேட்பது இப்புதிரின் எளிய வடிவமாகும். இதற்கான வாய்பாடு:

மொத்தம் = ஒரு முனையிலிருந்து இடம் + மறு முனையிலிருந்து இடம் − 1

அந்த ஒருவர் இரு முறையும் எண்ணப்படுவதால் ஒன்று கழிக்கப்படுகிறது. மேலே கூறிய அணைக்கட்டுகளில் கன்னடியன் மேலிருந்து மூன்றாவது, கீழிருந்து ஆறாவது. எனவே மொத்தம் 3 + 6 − 1 = 8.

இருவரின் இடங்களைத் தந்து இடையில் உள்ளோரின் எண்ணிக்கையைக் கேட்கும்போது கவனம் தேவை. 40 பேர் கொண்ட வரிசையில் ஒருவர் இடமிருந்து 12 ஆவது, மற்றவர் வலமிருந்து 15 ஆவது எனில், பின்னவர் இடமிருந்து 40 − 15 + 1 = 26 ஆவது ஆவார். இடையில் இருப்போர் 26 − 12 − 1 = 13 பேர். மொத்த எண்ணிக்கை தரப்படாதபோது இருவரும் ஒருவரையொருவர் கடந்து நிற்கும் நிலையும் சாத்தியம். அப்போது "தரவு போதாது" என்பதே பொருத்தமான விடை.

## வட்ட வரிசை

வட்ட மேசையைச் சுற்றி அமரும் புதிர்களில் முதலிடம், கடைசியிடம் என்பவை இல்லை. எனவே யாரேனும் ஒருவரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு மற்றவரை அவரைச் சார்ந்து அமர்த்த வேண்டும். எட்டுப் பேர் வட்டமாக அமரும் முறைகள் 40,320 அல்ல. ஒருவர் இடம் நிலைநிறுத்தப்படுவதால் 5,040 ஆகும்.

மையத்தை நோக்கி அமர்ந்தவருக்கு, மேலிருந்து பார்க்கும்போது, இடப்பக்கம் கடிகாரச் சுற்றிலும் வலப்பக்கம் அதன் எதிர்ச்சுற்றிலும் அமையும். வெளிப்புறம் நோக்கி அமர்ந்தவருக்கு இது தலைகீழாகும். சிலர் உள்நோக்கியும் சிலர் வெளிநோக்கியும் அமரும் புதிர்களில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அம்புக்குறி இடுவது வழக்கம். கடப்புப் பண்பு வட்டத்தில் செல்லாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

## தமிழில் குறிப்புகளைப் படித்தல்

தமிழ்ச் சொற்றொடர் அமைப்பு வரிசைப் புதிர்களில் தனியான கவனத்தை வேண்டுகிறது.

* "விட": "அகிலனைவிடப் பரணி உயரமானவர்", "பரணி அகிலனைவிட உயரமானவர்" ஆகிய இரண்டும் ஒரே பொருளுடையன. பெயர்கள் வரும் ஒழுங்கைக் கொண்டு உயரத்தை எழுதினால் ஒன்றில் பிழை நேரும். "ஐ" உருபும் "விட" என்பதும் எப்பெயருடன் சேர்ந்துள்ளனவோ அப்பெயர் அளவுகோல். பயனிலை மற்றப் பெயரைப் பற்றியது.
* "விட ... இல்லை": "பரணி அகிலனைவிட உயரமில்லை" என்றால் பரணி குள்ளமானவராகவோ சம உயரமுடையவராகவோ இருக்கலாம். இருவர் சம உயரம் உடையவரல்லர் என்று வினாவில் கூறப்பட்டிருந்தால் மட்டுமே குள்ளமானவர் என்று கொள்ளலாம்.
* "அடுத்து": "அதற்கடுத்து" என்பது உடனடியாக வருவதைக் குறிக்கலாம், பின்னர் எப்போதோ வருவதையும் குறிக்கலாம். "உடனடியாக" என்ற சொல் உள்ளதா என்று பார்க்க வேண்டும். "அடுத்தடுத்து" என்றால் இருவரும் ஒட்டியிருப்பர். யார் முன் என்பது தெரியாது.
* "ஆம் நாள்", "நாள் கழித்து": திங்களை முதல் நாளாக எண்ணினால் மூன்றாம் நாள் புதன். திங்களுக்கு மூன்று நாள் கழித்து வருவது வியாழன்.
* "முன்": காலத்தில் முந்தியது, வரிசையில் தலைப்பகுதிக்கு அருகில் இருப்பது, எதிரே இருப்பது என மூன்று பொருள் தரும்.
* "தரவரிசை": முதலிடம் என்பது உயர்ந்த மதிப்பெண்ணைக் குறிக்கும். இட எண் கூடும்போது மதிப்பெண் குறைகிறது.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வினாத்தாள்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிடப்படுகின்றன. ஐயம் எழும் இடத்தில் ஆங்கில வடிவமே இறுதியானது என்ற குறிப்பும் வினாத்தொகுப்பில் இடம்பெற்று வந்துள்ளது. எனவே தமிழ்வழியில் படித்தவரும் ஒரு குறிப்பு இருபொருள்படும்போது ஆங்கில வடிவத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும்.

## தவறான விடையும் மதிப்பெண் இழப்பும்

முழு வரிசை கிடைக்காதபோதும், சில தெரிவுகளை நீக்க முடிந்தால் அதற்கு மதிப்புண்டு. ஐந்து தெரிவுகளும், தவறுக்குக் கால் மதிப்பெண் இழப்பும் உள்ள தேர்வில், ஏதும் அறியாமல் குறிப்பவர் சராசரியாகப் பெறுவது 1/5 − (4/5 × 1/4) = 0. ஒரு தெரிவை உறுதியாக நீக்கிவிட்டு எஞ்சிய நான்கில் ஒன்றைக் குறித்தால் சராசரி 1/4 − (3/4 × 1/4) = 1/16. இரண்டை நீக்கினால் 1/3 − (2/3 × 1/4) = 1/6. ஆகவே தருக்க அடிப்படையில் நீக்கிய பின் குறிப்பது ஆதாயமானது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் 2022 ஆம் ஆண்டுத் தொகுதி 4 தேர்வு போன்று தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படாத தேர்வுகளில் எந்த வினாவையும் விடுவது இழப்பே.

## கணிதத்திலும் கணிமையிலும்

ஒவ்வொரு பகுதி வரிசையையும், அதன் உறவுகள் கெடாமல், ஒரு முழு வரிசையாக நீட்டிக்கலாம் என்பதைப் போலந்துக் கணிதவியலாளர் எட்வர்டு ஷ்பில்ரைன் 1930 இல் நிறுவினார். ஒப்பீட்டுக் குறிப்புகள் ஒன்றுக்கொன்று முரணாகச் சுழலாதவரை குறைந்தது ஒரு விடையாவது உண்டு என்பது இதன் பொருள்.

அவ்விடையைக் கணினியில் காணும் படிமுறை இடவியல் வரிசையாக்கம் எனப்படும். ஆர்தர் கான் 1962 இல் வெளியிட்ட முறை எளிமையானது: தனக்கு முன் யாரும் இல்லாத ஒன்றை எடுத்து எழுது, அதை நீக்கு, மீண்டும் செய். எடுக்க ஒன்றுமில்லாத நிலையில் பெயர்கள் எஞ்சியிருந்தால் குறிப்புகளில் முரண்பாடு உள்ளது. ஒரு படியில் எடுக்கத்தக்கவை இரண்டு இருந்தால் விடை ஒன்றுக்கு மேற்பட்டது. மென்பொருள் தொகுப்புக் கருவிகள் எக்கோப்பை முதலில் தொகுப்பது என்பதையும், விரிதாள் செயலிகள் எக்கட்டத்தை முதலில் கணக்கிடுவது என்பதையும் இவ்வகை முறையாலேயே தீர்மானிக்கின்றன.

ஒரு விடையைக் காண்பது எளிது. எல்லா விடைகளையும் எண்ணுவது கடினம். பகுதி வரிசை ஒன்றின் முழு வரிசை நீட்டிப்புகளை எண்ணுதல் மிகக் கடினமான எண்ணல் சிக்கல்களுள் ஒன்று என்பதைக் கிரஹாம் பிரைட்வெல், பீட்டர் விங்க்லர் ஆகியோர் 1991 இல் நிறுவினர். "ஆ என்பது அ, இ ஆகியவற்றுக்கு இடையில் உள்ளது" என்ற வகைக் குறிப்புகள் மட்டுமே தரப்பட்டால், ஒரு விடை உண்டா என்று கண்டறிவதே என்.பி. முழுமைச் சிக்கல் ஆகிவிடுகிறது என்பதை 1979 இல் யாரோஸ்லாவ் ஒபட்ர்னி காட்டினார். முன், பின் எது என்று சொல்லாத இடைவெளிக் குறிப்புகள் தேர்வரைக் கிளை பிரித்துத் தேட வைப்பதற்கும் இதுவே காரணம்.

## வரலாறும் விமரிசனமும்

இப்புதிர் வகையில் புகழ்பெற்றது வரிக்குதிரைப் புதிர் ஆகும். ஐந்து வீடுகளின் வரிசை, நிறம், குடியிருப்போர் நாடு, வளர்ப்பு விலங்கு முதலியவற்றைக் கண்டறியும் இப்புதிர் 1962 இல் லைஃப் இன்டர்நேஷனல் இதழில் வெளிவந்தது. இது ஐன்ஸ்டைன் உருவாக்கியது என்று பரவலாகக் கூறப்பட்டாலும் அதற்குச் சான்று இல்லை.

அமெரிக்கச் சட்டக் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வில் 1982 முதல் வரிசைப் புதிர்களுக்கெனத் தனிப்பகுதி இருந்தது. படம் வரைந்து தீர்க்க வேண்டிய இப்பகுதி பார்வையற்றோர்க்கு நேர்மையற்றது என்று தொடரப்பட்ட வழக்கில் 2019 இல் உடன்பாடு ஏற்பட்டது. அதன் தொடர்ச்சியாக 2024 ஆகத்து முதல் அப்பகுதி நீக்கப்பட்டது. இந்தியாவில் மாற்றுத்திறனாளித் தேர்வர்களுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடங்கள் கூடுதல் நேரம் அளிக்க 2018 ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் வகைசெய்தன. எழுத்தரின் உதவியுடன் தேர்வெழுதுபவர் தம் மனத்திலுள்ள வரிசையைச் சொல்லி எழுதச் செய்ய வேண்டியிருப்பதால், கூடுதல் நேரம் மட்டும் இக்குறையை முழுமையாக ஈடுசெய்வதில்லை.

குடிமைப் பணித் தேர்வின் இரண்டாம் தாள், ஆங்கிலவழியிலும் பொறியியல் பின்னணியிலும் வந்தவர்க்குச் சாதகமானது என்ற எதிர்ப்பு 2014 இல் வலுத்தது. மறு ஆண்டே அது தகுதித் தாளாக்கப்பட்டது. அத்தாள் இன்றும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வழங்கப்படுகிறது. வட்டார ஊரக வங்கித் தேர்வுகளை 13 வட்டார மொழிகளிலும் நடத்தும் முடிவு 2019 இல் அறிவிக்கப்பட்டது. பணியாளர் தேர்வாணையமும் 2023 இல் தன் சில தேர்வுகளைத் தமிழ் உள்ளிட்ட வட்டார மொழிகளில் நடத்தத் தொடங்கியது.

வரிசைப் புதிரைத் தீர்க்க மனப்பாடம் செய்யவேண்டியது மிகக் குறைவு. இரண்டு பண்புகள், ஒரு வாய்பாடு, எதிர்மறையை எடுத்துச் சோதிக்கும் பழக்கம் ஆகியவை போதுமானவை. ஆயினும் இம்முறை பள்ளிப் பாடத்தில் தனிப்பாடமாக இடம்பெறாததால், பயிற்சி நிலையங்கள் உள்ள நகரங்களின் மாணவர்களுக்கும் சிற்றூர் மாணவர்களுக்கும் இடையே வேறுபாடு தோன்றுகிறது. இவ்வேறுபாடு பயிற்சியினால் வருவது; இம்முறையை எட்டாம் வகுப்பு மாணவரும் தாளும் எழுதுகோலும் கொண்டு பழகிக்கொள்ளலாம்.